உறவுப் படமும் இரவல் எழுத்தும்

பிளேன்டியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம் இது. ஹட்டனில் ஒரு விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக வரும் குடும்பப் படம், கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா மகனின் லினக்ஸ் கணினியில் ஏன் கலைந்து வருகிறது என்று என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கோப்பு அதே கோப்புதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனாலும் அங்கே பெயர்கள் பெட்டியைத் தாண்டி நீள்கின்றன. 'கொட்டகலை' என்ற ஊர்ப்பெயரின் கொம்பு இடம் மாறி நிற்கிறது. தாத்தாவின் போட்டோ காணாமல் போகிறது. அவர்கள் பட்டியலையும் நம் பட்டியலோடு சேர்த்தால் ஒரு பாட்டி இரண்டு பாட்டியாகிறார். மென்பொருள் சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ஊர் மாறிப் போகும்போது அது எதைத் தன்னோடு கொண்டுபோகிறது, எதைப் போன இடத்தில் இரவல் வாங்குகிறது?

இந்தப் படம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் வைத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். காகிதத்தில் அது எண்கள். லயத்தில் அது அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களில் பலர் நீலகிரியில், திரும்பி வந்தவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையையே எடுத்தார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று நம் சொந்தங்கள் அங்கே பரவிக் கிடப்பது அப்படித்தான். 2023 இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, நம்முடைய ஆட்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்தது. பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் முன்வந்தார்கள். படம் வரையும் தேவை அங்கிருந்து வந்தது.

குடும்ப மரம் என்கிறோம். ஆனால் நம் உறவை மரமாக வரையவே முடியாது. மரத்தில் கிளை பிரியும். பிரிந்த கிளை மறுபடியும் வந்து சேராது. நம் வீடுகளில் அத்தை மகளைக் கட்டுகிறோம், மாமன் மகனைக் கட்டுகிறோம். பிரிந்த இரண்டு கிளைகள் மூன்றாம் தலைமுறையில் ஒரே கல்யாணத்தில் கூடுகின்றன. சில வீடுகளில் அக்கா மகளையே தம்பிக்குக் கட்டி வைத்திருப்பார்கள். இப்படிக் கிளைகள் கூடும் உறவை வரைவதற்குப் புள்ளியும் கோடுமாக எதையும் எதோடும் இணைக்கிற வரைபடம் வேண்டும். அதைக் கையால் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்தாவது பெயரில் கோடுகள் குறுக்கே வெட்டத் தொடங்கும், இருபதாவது பெயரில் தாளைக் கசக்கி எறியத் தோன்றும்.

அதைச் செய்து கொடுப்பதுதான் கிராஃப்விஸ். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி பெல் ஆய்வுக்கூடத்தில், யுனிக்ஸ் கணினிகளில் பிறந்த மென்பொருள் இது. அதில் 'டாட்' என்ற பகுதி தலைமுறை தலைமுறையாக அடுக்கி வரையும். எம்டன் கான்ஸ்னர், எலெஃப்தீரியோஸ் கூட்சோஃபியோஸ், ஸ்டீஃபன் நார்த், கியெம்-ஃபோங் வோ ஆகிய நால்வரும் 1993 இல் வெளியிட்ட கட்டுரை அதன் வழிமுறையை விளக்குகிறது. 1981 இல் ஜப்பானில் சுகியாமாவும் தோழர்களும் காட்டிய அடுக்கு முறைதான் அதற்கு மூலம். நாம் செய்ய வேண்டியது சாதாரண எழுத்துக் கோப்பில் 'தாத்தா -> அப்பா' என்று வரிவரியாக உறவை எழுதுவது மட்டுமே. பெயரைத் தமிழிலேயே எழுதலாம். மொழி அதை ஏற்றுக்கொள்கிறது. யாரை எங்கே வைப்பது என்ற கவலை மென்பொருளுடையது.

அது எப்படி வைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு உதவும். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொடுக்கிறது. தாத்தா மேல் படி, அப்பா அதற்குக் கீழ், நான் அதற்கும் கீழ். கணவனும் மனைவியும் ஒரே படியில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கலாம். இப்போது அந்த அக்கா மகள் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவும் தம்பியும் ஒரே தலைமுறை, மகள் அடுத்த தலைமுறை. தம்பியும் அந்த மகளும் தம்பதி, ஆகவே ஒரே படியில் நிற்க வேண்டும். மென்பொருள் என்ன செய்கிறது என்றால், தம்பியை ஒரு படி கீழே இறக்கி, அவருக்கும் அவர் பெற்றோருக்கும் இடையிலான கோட்டை ஒரு படி நீட்டுகிறது. மொத்தக் கோடுகளின் நீளம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையும்படி இந்தப் படிகளைக் கணக்கிடுகிறது. எந்தக் கல்யாணம் தலைமுறையைத் தாண்டியது என்பது அந்த நீண்ட கோட்டிலேயே தெரியும். அதன் பிறகு, ஒவ்வொரு படியிலும் யாருக்குப் பக்கத்தில் யார் நின்றால் கோடுகள் குறைவாக வெட்டும் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறது. மூன்றாவதாக, சரியான இடத்தை அங்குலக் கணக்கில் நிர்ணயிக்கிறது. கடைசியில்தான் வளைகோடுகளை இழுக்கிறது.

இதில் முதல் இரண்டு வேலையும் கணக்கு. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும், மென்பொருளின் பதிப்பு ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். யார் எந்தப் படியில், யாருக்குப் பக்கத்தில் என்பது கடல் கடந்தாலும் அப்படியே போய்ச் சேரும். சிக்கல் மூன்றாவது வேலையில் நுழைகிறது. இடத்தை நிர்ணயிக்கப் பெட்டியின் அகலம் வேண்டும். பெட்டியின் அகலத்துக்குப் பெயரின் அகலம் வேண்டும். பெயரின் அகலம் எழுத்துருவைப் பொறுத்தது. எழுத்துரு கிராஃப்விஸிடம் இல்லை. அது அந்தக் கணினியுடையது.

நம் ஊர் நடப்பில் சொல்வதானால், டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவைக்கு மாற்றலாகிப் போகும் டீமேக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் வாட்டுவது, எப்போது அரைப்பதை நிறுத்துவது என்ற அறிவு அவரோடு போகும். ரோலரும் அடுப்பும் விறகும் அந்த ஸ்டோருக்குச் சொந்தம். தூள் மாறி வந்தால் அவர் வேலையை மறந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் போய் அடுப்பைப் பார்ப்பார்கள். வேறு இயங்குதளத்துக்குப் பெயர்க்கப்பட்ட மென்பொருளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கிளென் லோ என்பவர் மேக்குக்குப் பெயர்த்துக் கொடுத்த கிராஃப்விஸ் 2004 இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருது பெற்றது. வரையும் கணக்கு பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதியது. மேக்கின் எழுத்தையும் திரையையும் அதற்குப் பழக்கியது பெயர்த்தவரின் உழைப்பு.

இனி எழுத்துருவுக்கு வருவோம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிராஃப்விஸ் 'டைம்ஸ்' எழுத்துருவை 14 புள்ளி அளவில் கேட்கும். டைம்ஸில் தமிழ் இல்லை. ஆகவே கணினி தன்னிடமுள்ள ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக் கொடுக்கும். 2000 ஆம் ஆண்டின் விண்டோஸில்தான் தமிழுக்கு 'லதா' வந்தது. விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' உண்டு. விண்டோஸ் 10 இல் லதா தானாக வருவதில்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸில் 'லோஹித் தமிழ்' இருக்கலாம், 'நோட்டோ' இருக்கலாம். மேக்கில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'இணைமதி'யும் வேறு சிலவும் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் 'லை' ஒவ்வொரு அகலம். ஒரு பெயருக்குக் கால் அங்குலம் கூடினால் பெரிதாகத் தெரியாது. ஒரே தலைமுறையில் 24 பேர் நிற்கும் வரிசையில் அது 6 அங்குலம். ஏ4 தாளின் நீள வாட்டமே 12 அங்குலத்துக்குக் குறைவு. ஹட்டனில் ஒரு தாளில் அடங்கிய படம் கோத்தகிரியில் அடங்காமல் போவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

மருந்து எளிது. எழுத்துருவின் பெயரைக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்த எழுத்துருவை இரண்டு கணினியிலும் போட்டுவிடுங்கள். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' இலவசம், மூன்று தளத்திலும் இயங்கும். இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு: மொத்தப் படத்துக்கு எழுத்துரு சொன்னால் அது படத்தின் தலைப்புக்குத்தான் பொருந்தும். பெட்டிகளுக்குத் தனியாக, கோடுகளின் மேல் எழுதுவதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் சந்தேகம் இருந்தால், கட்டளையில் சிறுகோட்டோடு 'வி' என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தைச் சேர்த்து ஓடவிடுங்கள். கேட்ட எழுத்துரு எது, உண்மையில் கிடைத்தது எது என்று அது வரிவரியாகச் சொல்லிவிடும். எனக்கு இதைவிடப் பயன்பட்ட கட்டளை வேறில்லை.

அகலம் மட்டும் பிரச்சினை இல்லை. 'கொட்டகலை' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் 'க', அதன் பிறகு 'ொ' என்ற குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி 'க'வுக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் போய் உட்கார வேண்டும். கடைசி 'லை'யிலும் குறி பின்னால் எழுதப்பட்டு முன்னால் வர வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்வது எழுத்துரு மட்டுமல்ல. அதற்கென்று ஒரு வடிவமைக்கும் பொறி இருக்கிறது. லினக்ஸில் பாங்கோவும் ஹார்ஃப்பஸ்ஸும் சேர்ந்து அதைச் செய்கின்றன. விண்டோஸுக்கும் மேக்குக்கும் சொந்தமாக வேறு பொறிகள் உண்டு. கிராஃப்விஸ் பாங்கோவைக் கேட்டு வாங்கும்படி அமைந்தது. ஏதோ காரணத்தால் அந்தத் துணைப்பகுதி ஏறாமல் போனால், படத்தை 'ஜிடி' என்ற பழைய வழியில் வரைந்து கொடுத்துவிடும். அந்த வழிக்குத் தமிழின் முன்பின் தெரியாது. வந்த வரிசைப்படியே எழுத்தை அடுக்கும். கொம்பு இடம் மாறி நின்றால் காரணத்தை அங்கே தேடுங்கள். படம் எந்த வழியாக வர வேண்டும் என்று, கட்டளையில் பட வகைக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து 'கெய்ரோ' என்று எழுதிக் கேட்கவும் முடியும். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் வழியைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம். இலத்தீன் எழுத்துகளைத் தாண்டி அதனால் போக முடியாது.

இலங்கையில் நமக்கு இன்னொரு பாரமும் உண்டு, அது பாமினி. கொமியூனிகேஷன் கடைகளில் கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் துண்டுப்பிரசுரம் வரை பல ஆண்டுகள் பாமினியில்தான் அடித்தார்கள். ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. பழைய பெயர்ப்பட்டியலை அப்படியே கிராஃப்விஸ் கோப்பில் ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். 'இ' இருப்பது காற்புள்ளியின் இடத்தில். கிராஃப்விஸ் மொழியிலோ அரைப்புள்ளி ஒரு வாக்கியத்தின் முடிவு, காற்புள்ளி பண்புகளைப் பிரிக்கும் குறி. 'அம்மா'வின் நடுவிலேயே வாக்கியம் முடிந்துவிடும். மேற்கோள் குறிக்குள் அடைத்துக் காப்பாற்றினாலும், பாமினி இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். ஆகவே பழைய பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மாற்றியில் நழுவும் எழுத்துகளை அவர்கள்தான் பிடிப்பார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளில் கணினி இல்லாதவர்கள் நிறைய. அவர்கள் போனில் உலாவியைத் திறந்து, கிராஃப்விஸை அங்கேயே ஓடவிடுகிறார்கள். மைக் டெய்ன்ஸ் உருவாக்கிய 'விஸ் ஜேஎஸ்' அப்படி உலாவிக்குள் ஓடும் வடிவம். நல்ல வேலை அது, வாய்ப்பில்லாதவர் கையிலும் இந்தக் கருவியைச் சேர்க்கிறது. ஆனால் உலாவிக்குள் பாங்கோ இல்லை, எழுத்தை அளந்து சொல்ல ஆளில்லை. அப்போது கிராஃப்விஸ் தன்னிடம் எழுதி வைத்திருக்கும் ஓர் அகலப் பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் பட்டியல் ஆங்கில எழுத்துகளுக்கானது. தமிழ்ப் பெயர் வந்தால் ஓர் எச்சரிக்கை வரும்: 224 என்ற எண்ணுள்ள எழுத்தின் அகலம் தெரியவில்லை, ஆகவே இடைவெளியின் அகலத்தை வைத்துக்கொள்கிறேன் என்று.

224 எங்கிருந்து வந்தது? கணினிக் கோப்பில் இன்று நாம் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் பிடிக்கும். அந்த மூன்றில் முதல் பைட்டு எப்போதும் 224 தான். சிங்கள எழுத்துக்கும் முதல் பைட்டு அதுவே. 'மலை' என்று நாம் வாசிப்பது அதற்கு மூன்று குறி, ஒன்பது பைட்டு. மென்பொருள் குறியை எண்ணாமல் பைட்டை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி அகலம் போடுகிறது. உண்மையான எழுத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஒரு பெயருக்குப் பெட்டி தளர்ந்து தொங்கும், இன்னொரு பெயர் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். உலாவியில் வரைந்தால் பெட்டிகளுக்கு நாமே அகலம் குறித்துவிடுவது நல்லது. எல்லாருக்கும் ஒரே அகலம், பெரிய பெயரை இரண்டு வரியாக உடைப்பது என்று வைத்துக்கொண்டால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

அந்த இரண்டு பாட்டிகள் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் கண்ணால் எவ்வளவு பார்த்தாலும் காரணம் தெரியாது. 'பொன்னம்மா' என்ற பெயரில் வரும் 'ொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம். அல்லது 'ெ' ஒரு குறி, 'ா' ஒரு குறி என்று இரண்டாக எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது. திரையிலும் இம்மி வித்தியாசம் இல்லை. ஆனால் கிராஃப்விஸ் பெயர்களைப் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுகிறது. ஹட்டனில் ஒரு விசைப்பலகை ஒரே குறியாக எழுதியிருக்கும், கோத்தகிரியில் இன்னொன்று பிரித்து எழுதியிருக்கும். இரண்டு பட்டியலையும் சேர்த்த உடனே பொன்னம்மா பாட்டி இரண்டு பெட்டியில் நிற்பார். இங்கே இருக்கும் பிள்ளைகள் ஒரு பெட்டியின் கீழும், கப்பலேறிப் போன பிள்ளைகள் மற்றப் பெட்டியின் கீழும். ஒப்பந்தம் ஒருமுறை பிரித்த குடும்பத்தைக் கணினி இன்னொரு முறை பிரிக்க விடக் கூடாது. பைத்தான் மொழியில் இரண்டு வரி எழுதினால் எல்லாப் பெயர்களையும் இணைந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம். பட்டியல்களைச் சேர்ப்பதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும்.

அதைவிட உறுதியான வழி, பெட்டியின் உள்பெயராக 'ப1', 'ப2' என்று ஓர் அடையாளத்தைக் கொடுத்து, வெளியே தெரியும் பெயரைத் தனியாக எழுதுவது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நம் வழக்கம். அதற்கும் இது பரிகாரம்.

இதே பிரித்தெழுதும் சங்கடம் கோப்புகளின் பெயரிலும் உண்டு. மேக்கின் பழைய வட்டு அமைப்பு கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். 'கொட்டகலை' என்று பெயரிட்ட படத்தை அங்கிருந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், பெயர் கண்ணுக்குத் தெரியும், மென்பொருளுக்குக் கிடைக்காது. தாத்தாவின் போட்டோ காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதைவிட எளிமையானது. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். கமரா கொடுத்த பெயரில் 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருக்கும், நாம் கோப்பில் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். விண்டோஸில் போட்டோ வரும், லினக்ஸில் வராது. பின்சாய்ந்த கோடு போட்டுக் கோப்புறையைக் குறிப்பதும் விண்டோஸ் பழக்கம்தான். முன்சாய்ந்த கோட்டை எல்லாத் தளமும் ஏற்கும். படங்களுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். தமிழில் பெயர் வைக்க ஆசைதான், எனக்கும்தான். ஆனால் இந்த ஓரிடத்தில் ஆசையைத் தள்ளி வைப்பது நல்லது.

விண்டோஸின் நோட்பேடைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 க்கு முந்திய விண்டோஸில் நோட்பேட் சும்மா சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை ஒட்டிவிடும். கிராஃப்விஸின் பழைய பதிப்புகள் அதைப் பார்த்து முதல் வரியிலேயே பிழை என்று நின்றுவிடும். முதல் வரியில் எந்தப் பிழையும் இல்லையே என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம். 2019 மே மாத விண்டோஸ் 10 இலிருந்து நோட்பேட் அந்த ஒட்டில்லாமல் யுடிஎஃப்-8 இல் சேமிக்கிறது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் 'பெரியது' என்பதைக் காட்டும் குறியைப் போட்டு வெளியீட்டைக் கோப்பில் தள்ளினாலும் வேறு குறியேற்றத்தில் எழுதிவிடும். கிராஃப்விஸுக்கே கோப்பின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்வதுதான் சரி. கோப்பின் பெயரும் 'டாட்' என்று முடிந்தால் விண்டோஸ் அதை வேர்டின் அச்சுவார்ப்பு என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். அதற்காகவே 'ஜிவி' என்ற முடிவும் வழக்கில் இருக்கிறது.

நிறுவுவதிலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சித்தப்பா மகன் கையில் இருப்பது அந்த மாதிரி ஒன்றாக இருக்கலாம். அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஒரே கட்டளையில் கிராஃப்விஸ் ஏறிவிடும், பாங்கோவும் கூடவே வரும். ஆனால் பதிப்பு பழையதாக இருக்கும். விண்டோஸில் நாம் இறக்குவது புதியது. ஆகவே இரண்டு படத்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். விண்டோஸில் நிறுவும்போது, பாதையில் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று சொல்லாவிட்டால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி கைவிரிக்கும். வரையும் பொறிக்கு ஆதரவில்லை என்ற செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். துணைப்பகுதிகளின் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம். நிர்வாகி உரிமையோடு 'டாட்' கட்டளையைச் சிறுகோடும் 'சி'யும் சேர்த்து ஒருமுறை ஓடவிட்டால் பட்டியல் எழுதப்பட்டுவிடும்.

'நீட்டோ' என்ற இன்னொரு வகை வரைவை விரும்புகிறவர்களும் உண்டு. அதில் தலைமுறைப் படி இல்லை, இணைப்புகளின் இழுப்பில் புள்ளிகள் தாமாக விலகி நிற்கும். தொடக்க இடங்களைக் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு அங்கிருந்து திருத்திக்கொண்டே போகும் முறை அது. குத்துமதிப்பு எண்ணை இயங்குதளத்திடமிருந்து வாங்கும்போது, அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண். படம் திரும்பி நிற்கலாம், கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகலாம். உறவு மாறவில்லை, ஆனால் நேற்றுப் பார்த்த படத்தில் அத்தை வலது பக்கம் இருந்தாரே என்று பெரியவர்கள் குழம்புவார்கள். அவர்களுக்குக் காட்டும் படத்துக்கு 'டாட்' போதும்.

கடைசியாக, எதை அனுப்புவது என்ற கேள்வி. எஸ்விஜி படத்தில் பெயர்கள் எழுத்தாகவே போகும். பெட்டியின் அளவு ஹட்டனில் முடிவானது, எழுத்தைப் போடுவது கோத்தகிரியின் எழுத்துரு. அளந்தது ஒருவர், உடுத்தியது இன்னொருவர் என்றாகிப் பெயர்கள் மறுபடியும் பெட்டியை மீறும். கெய்ரோ வழியாக வரும் பீடிஎஃப் தனக்கு வேண்டிய எழுத்து வடிவங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எந்தக் கணினியிலும், எந்தப் போனிலும், கொமியூனிகேஷன் கடையின் அச்சுப்பொறியிலும் வரைந்தபடியே வரும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பீடிஎஃப் அனுப்புங்கள். சுவரில் ஒட்டுவதற்கு என்றாலும் அதுவே.

ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் சேர்க்க வேண்டும் என்றால், படத்தை அனுப்பிப் பயனில்லை. எழுத்துக் கோப்பு, போட்டோக் கோப்புறை, எழுத்துருக் கோப்பு மூன்றையும் ஒரே பொதியாகக் கட்டி, நாம் பயன்படுத்திய கிராஃப்விஸ் பதிப்பின் எண்ணைக் கோப்பின் முதல் வரியில் குறிப்பாக எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து திரும்பி வர வேண்டியதும் எழுத்துக் கோப்புதான். அவர்கள் சேர்த்த வரிகள் எவை, மாற்றியவை எவை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்று தெரிந்த பிறகு இங்கே வரைந்துகொள்ளலாம்.